மொரிஸ் மைனர் பிக்கப்பை மீட்டெடுப்பது எப்படி: முதன்முறையாகக் கையிலெடுப்போருக்கான வழிகாட்டி

பழைய பிக்கப் ஒன்றைத் தம் கையாலேயே திருத்தி மீண்டும் வீதிக்குக் கொண்டுவர விரும்புகிறவருக்கு, எந்த வாகனத்திலிருந்து தொடங்குவது என்ற கேள்விதான் முதலில் எழும். இலங்கையில், அதிலும் யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு மொரிஸ் மைனர் பிக்கப்பைவிடப் பொருத்தமான தொடக்கம் வேறில்லை என்பது என் கருத்து. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த மொரிஸ் மைனர் காரை அடியொற்றி, 1953-இல் அதன் வானும் பிக்கப்பும் வந்தன. முதலில் 803 சிசி எஞ்சினும், 1956 முதல் 948 சிசியும், 1962 முதல் 1098 சிசியும் பொருத்தப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை இவை தயாரிக்கப்பட்டன. காருக்குத் தனியான சேஸி கிடையாது. அதன் உடலே சட்டகமாகவும் இருக்கிறது. பிக்கப்புக்கோ தனிச் சேஸி உண்டு. ஆகவே சாரதி அறையையும் பின்பெட்டியையும் போல்ட்டுகளைக் கழற்றித் தனித்தனியாகத் தூக்கிவிட்டு, சேஸியை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க முடியும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது வேலையின் ஒழுங்கை. சேஸி, முன் சில்லுகளைத் தாங்கும் பாகங்கள், பிரேக் ஆகியவை முதலில். எஞ்சின் அதன் பின். மின்வயர்கள் அதற்கும் பின். தகட்டு வேலையும் பெயின்ற்றும் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளப்பான பெயின்ற் அடித்த பிறகு சேஸியில் ஓட்டை இருப்பதைக் கண்டு, அடித்த பெயின்ற்றை மீண்டும் கருக்கி வெல்டிங் செய்கிற வாகனங்களைத் திருத்தகங்களில் அடிக்கடி காணலாம்.

வாங்குவதற்கு முன்

முதலில் வாகனப் புத்தகத்தைப் பாருங்கள். புத்தகத்தில் உள்ள சேஸி இலக்கமும், பொனற்றைத் திறந்தால் தெரியும் சுவர்த் தகட்டில் உள்ள இலக்கமும் ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் இலக்கம், மின்சாரம் உண்டாக்கும் டைனமோவுக்கு மேலே எஞ்சின் உடலில் அறைந்துள்ள சிறு தகட்டில் இருக்கும். அந்த இலக்கம் ஏபிஎச்எம் என்ற எழுத்துகளில் தொடங்கினால் 803 சிசி, 9எம் என்று தொடங்கினால் 948 சிசி, 10எம்ஏ என்று தொடங்கினால் 1098 சிசி. நம் நாட்டில் மொரிஸ் மைனர்களுக்கு யப்பானிய எஞ்சின்களைப் பொருத்துவது நெடுங்கால வழக்கம். அப்படி மாற்றப்பட்டிருந்தால், அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். கறளைத் திருத்தலாம், தொலைந்த பத்திரத்தைத் திருத்துவது பல மாத அலைச்சலாகிவிடும்.

பிறகு சேஸி. வாகனத்துக்கு அடியில் பழைய சாக்கை விரித்துப் படுத்து, பின் அச்சுக்கு மேலே சேஸி வளைந்து ஏறும் இடத்தையும், பின் ஸ்பிரிங்குகள் தொங்கும் கொளுவிகளைச் சுற்றியுள்ள உலோகத்தையும், சாரதி அறைக்கு அடியில் குறுக்காக ஓடும் சட்டத்தையும் பாருங்கள். கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. தடித்த ஸ்குறூ டிரைவர் ஒன்றின் முனையால் அழுத்திக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல உலோகம் ‘டங்’ என்று ஒலி எழுப்பி முனையைத் தடுத்துவிடும். கெட்டது மந்தமாக ஒலித்து உள்ளே வாங்கும். அதைச் சுற்றிப் பழுப்புச் செதில்கள் உதிரும். கறுப்புத் தார் பூசிய அடிப்பாகம் தென்பட்டால் இரட்டிப்புக் கவனம் தேவை. தாருக்கு அடியில் ஈரம் தங்கி உலோகத்தைத் தின்றுவிட்டிருக்கும். மேலே மட்டும் புதுமை தெரியும்.

வெளித் தகடுகளுக்கு ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். கதவின் கீழ் விளிம்பு, முன் மட்காட்டின் பின்மூலை, சாரதி அறையின் பின்மூலைகள் ஆகிய இடங்களில் காந்தம் ஒட்டாமல் வழுக்கினால் அங்கே இருப்பது தகடன்று, பள்ளத்தை நிரப்பப் பூசும் புட்டி. புட்டி இருப்பதாலேயே வாகனத்தை ஒதுக்க வேண்டியதில்லை. விலையைப் பேசும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்பதற்கு நான் கடைசி இடமே கொடுப்பேன். இந்த எஞ்சின் குடும்பத்தின் உறவினர்கள் ஒஸ்ரின் ஏ35-இலும் பழைய மினியிலும் இருந்தன என்பதால் அதன் உள்பாகங்களுக்கு இன்றும் தட்டுப்பாடு இல்லை. கிடைக்க அரிதானவை பிக்கப்புக்கே உரியவை: சாரதி அறையின் பின்சுவர்த் தகடு, பின்பெட்டியின் பக்கத் தகடுகள், பின்கதவு, அதைப் பூட்டும் கொளுவிகள். ஓடாத எஞ்சினுடன் முழுமையான உடல் உள்ள வாகனத்தை, இனிமையாக ஓடும் எஞ்சினுடன் பின்பெட்டி இல்லாத வாகனத்துக்கு மேலாகக் கருதுங்கள்.

இடமும் கருவிகளும்

மழை படாத, தரை இறுகிய ஓர் இடம் வேண்டும். தகரக் கொட்டகை போதும். ஆனால் தரை சீமெந்தாக இருப்பது நல்லது. மணல் தரையில் ஜக் ஒரு பக்கமாகப் புதைந்து சரியும். எந்தத் தரையானாலும் ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்கு அடியில் போகக் கூடாது. இரும்புத் தாங்கிகள் நான்கை வாங்குங்கள். செங்கல்லும் சீமெந்துக் கல்லும் பாரம் தாங்காமல் எச்சரிக்கையின்றி நொறுங்கக்கூடியவை; அவற்றை அடுக்கி வாகனத்தை நிறுத்துவது நம் ஊரில் சாதாரணமாகக் காணப்படுவதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்பனர் வாங்கும்போது அங்குல அளவுத் தொகுதியையே வாங்க வேண்டும். இந்த வாகனத்தில் பெரும்பாலும் 7/16, 1/2, 9/16 அங்குல நட்டுகள்தான் இருக்கின்றன. 1/2 அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், அதற்கு 13 மில்லிமீற்றர் ஸ்பனர் பொருந்துவதுபோலவே தோன்றும். இறுகிப்போன நட்டில் அதைப் போட்டுப் பலமாகத் திருகினால் அந்த 0.3 மில்லிமீற்றர் இடைவெளியே நட்டின் மூலைகளை மழித்துவிடும்; பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இவற்றோடு, இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பனர் ஒன்று, இடைவெளி அளக்கும் பீலர் தகடுகள், கிறீஸ் துப்பாக்கி, அழுத்தமானி, மின்சாரம் சோதிக்கும் சிறு கருவி ஆகியவை போதும். வெல்டிங் கருவியை உடனே வாங்க வேண்டாம். அந்த வேலைக்கு அனுபவமுள்ள ஒருவரை அழைத்து, அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

கழற்றுதல்

ஆர்வ மிகுதியில் ஒரே வாரத்தில் முழு வாகனத்தையும் பிரித்துப் போட்டுவிடுவது எளிது. பிரித்தவை பெட்டி பெட்டியாக ஆண்டுக்கணக்கில் கிடந்து, கடைசியில் பாதி விலைக்கு விற்கப்படுவதும் அதனால்தான். ஒரு பகுதியைக் கழற்றி, திருத்தி, மீண்டும் பூட்டிய பின்னரே அடுத்ததைத் தொடுங்கள். சேஸிக்காகப் பின்பெட்டியைத் தூக்கினால், சேஸி முடியும்வரை எஞ்சின் பக்கம் போக வேண்டாம்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் நான்கு கோணங்களில் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கதவுச் சட்டங்களுக்குள் செருகப்பட்டிருக்கும் மெல்லிய தகட்டுத் துண்டுகள், பிணைப்புகளின் அடியில் இருக்கும் வளையங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையையும் குறித்துவையுங்கள். அவைதான் கதவு சரியாக மூடுவதைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு பாகத்தின் நட்டுகளையும் தனிப் பையிலிட்டு, எழுதிய அட்டையை உள்ளேயே போடுங்கள்; பையின் வெளியே எழுதினால் ஒயில் பட்டு அழிந்துபோகும். பழைய பாகம் எவ்வளவு சிதைந்திருந்தாலும், அதற்கு மாற்று வந்து பொருந்தியதை உறுதிசெய்யும்வரை எறியாதீர்கள்.

இறுகிய போல்ட்டுகளுக்குக் கறள் நீக்கும் ஒயிலை மூன்று நாள் தொடர்ந்து காலையும் மாலையும் விட்டுவந்தால் பெரும்பாலானவை தாமே இளகும். அவசரப்பட்டு முறித்தால், உடைந்த தண்டைத் துளைத்தெடுக்கும் வேலை அந்த மூன்று நாளைவிட நீளும்.

சேஸி

சேஸியைக் கம்பித் தூரிகையால் நன்றாகச் சுரண்டி, உண்மையான உலோகம் எங்கே தொடங்குகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடிடுங்கள். ஒட்டுத் தகட்டை, கெட்ட உலோகத்துக்கு மேலே போர்த்திவிடக் கூடாது. கெட்டதை முழுவதுமாக வெட்டியெடுத்து, நல்ல உலோகத்தின் விளிம்போடு புதுத் தகட்டைச் சேர்த்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே போர்த்திய ஒட்டு இரண்டு மாரி தாங்காது. இரண்டு தகடுகளுக்கும் இடையே ஈரம் நின்று பழைய கறள் தொடர்ந்து வளரும். சேஸிக்கு 2 மில்லிமீற்றர் தகடு பொருத்தமானது. சாரதி அறைத் தரைக்கு அதில் ஏறக்குறையப் பாதித் தடிப்பு போதும். கூரை வேய்கிற நாகத்தகட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் மேற்பூச்சு எரியும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். ஒட்டும் உறுதியாக அமையாது.

வெல்டிங் தொடங்குமுன் பற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கியைக் கழற்றி வாகனத்திலிருந்து தூரத்தில் வையுங்கள். காலியான தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது, ஏனெனில் உள்ளே ஆவி நிரம்பியிருக்கும். ஒரு பக்கச் சட்டத்தை வெட்டுமுன் மறுபக்கத்திலிருந்து குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால்தான் பின் அச்சு நேராக நிற்கும். ஒரே நேரத்தில் இரு பக்கத்தையும் வெட்டினால் சேஸி வளைந்துவிடும்.

கடற்காற்று படும் ஊர்களில் சுரண்டிய உலோகம் ஓரிரவிலேயே மீண்டும் செந்நிறம் கொள்ளும். சுரண்டிய அன்றே இப்பொக்சி பிறைமர் அடித்துவிட வேண்டும். சேஸியின் மூடிய பகுதிகளுக்குள், வெல்டிங் முழுவதும் முடிந்த பின்னர், மெழுகு கலந்த காப்பு ஒயிலைக் குழாய் வழியே தெளியுங்கள்.

முன் சில்லுத் தாங்கிகள்

மொரிஸ் மைனரில் உயிராபத்து ஒளிந்திருக்கும் இடம் எதுவென்று கேட்டால் நான் இதையே சொல்வேன். முன் சில்லைத் தாங்கும் செங்குத்துக் காலின் மேல்முனையும் கீழ்முனையும் திருகுபுரிகளாக அமைந்து, டிரனியன் எனப்படும் உலோகத் தொப்பிகளுக்குள் சுழல்கின்றன. நாம் சுக்கானைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் இந்தப் புரிகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. அவற்றைக் காப்பது கிறீஸ் மட்டுமே. கிறீஸ் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடினால் புரிகள் தேய்ந்து, ஒருநாள் கால் தொப்பியிலிருந்து கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்து, வாகனம் அந்த மூலையில் தரையில் விழும்.

சோதிக்கும் முறை எளிது. முன்பக்கத்தைத் தூக்கித் தாங்கியில் நிறுத்தி, சில்லின் மேல்விளிம்பை ஒரு கையாலும் கீழ்விளிம்பை மறு கையாலும் பற்றி, உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் சில்லுப் பெயரிங்கில். மிதித்த பின்னும் ஆடினால் குற்றம் டிரனியனில் அல்லது அதன் றப்பர் புஷ்களில். விளக்கைப் பிடித்துப் பார்த்தால், காலுக்கும் தொப்பிக்கும் இடையே மேலும் கீழுமான அசைவு தெரியும்.

தேய்ந்திருந்தால் காலையும் தொப்பிகளையும் ஒன்றாகவே மாற்றுங்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் புரி எதிரெதிரானது. ஒன்றை மற்றதில் பூட்ட முடியாது. வாங்கும்போது எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். பூட்டிய பிறகு, சில்லைத் தரையிலிருந்து தூக்கிய நிலையிலேயே கிறீஸ் அடிக்க வேண்டும். பாரம் அழுத்திக்கொண்டிருக்கும்போது கிறீஸ் புரியின் எல்லாப் பக்கத்துக்கும் போய்ச் சேராது. பழைய கறுப்புக் கிறீஸ் வெளியேறி, புதியது சுத்தமாக விளிம்பில் பிதுங்கும்வரை அடியுங்கள். இதை 1500 கிலோமீற்றருக்கு ஒருமுறை செய்துவந்தால் அந்தக் கால்கள் பல்லாண்டு நிற்கும்.

பிரேக்

நான்கு சில்லுகளிலும் ட்ரம் பிரேக்குகள்தான். முதன்மைச் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்கு அடியில், சேஸிச் சட்டத்துக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் பலர் அதன் திரவ மட்டத்தைப் பார்ப்பதேயில்லை. தரைவிரிப்பை விலக்கினால் தெரியும் சிறு மூடியைத் திறந்து, முதலில் சுற்றிலும் உள்ள தூசியை நன்றாகத் துடைத்த பிறகே சிலிண்டரின் மூடியைத் திருக வேண்டும்.

முழு வாகனத்துக்கும் ஒரே ஒரு திரவச் சுற்று மட்டுமே இருக்கிறது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்குகளும் ஒன்றாகப் போய்விடும். கையில் மிஞ்சுவது கைப்பிரேக் மாத்திரம். ஆகவே இந்தப் பகுதியில் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். உலோகக் குழாய்கள், றப்பர்க் குழாய்கள், சில்லுச் சிலிண்டர்கள், முதன்மைச் சிலிண்டரின் றப்பர்கள் அனைத்தையும் புதிதாக்குங்கள். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கும் என்பதால், ட்ரம்மைக் கழற்றியதும் தூசியை ஊதக் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிடுங்கள்.

முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சரிசெய்யும் திருகுகளும், பின் சில்லில் ஒன்றும் உண்டு. ட்ரம்மில் உள்ள துளை திருகுக்கு நேரே வரும்வரை சுழற்றி, ஸ்குறூ டிரைவரால் சில்லு சுழலாது நிற்கும்வரை இறுக்கி, பிறகு சில்லு தடையின்றிச் சுழலும்வரை ஒவ்வொரு படியாகத் தளர்த்துங்கள். முன் சில்லின் இரண்டாவது திருகை மறப்பதுதான் வாகனம் ஒரு பக்கம் இழுப்பதற்கு அடிக்கடி காணப்படும் காரணம். திரவம் டொட் 4 ஆக இருக்கட்டும். காற்றை வெளியேற்றும்போது முதன்மைச் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள பின் இடது சில்லில் தொடங்கி, கடைசியாகச் சாரதிக்கு முன்னாலுள்ள சில்லுக்கு வாருங்கள்.

எஞ்சின்

யாழ்ப்பாணத்து எஞ்சின்களைத் திறக்கும்போது இரண்டு உள்ளூர்க் காரணங்களை நினைவில் வைத்திருப்பது பயன் தரும். முதலாவது, 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் இங்குள்ள கார்களும் பிக்கப்புகளும் மண்ணெண்ணெயில் ஓடியமை. சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் ஒயிலைக் கழுவி, கீழே இறங்கி எஞ்சின் ஒயிலையும் நீர்க்கச் செய்யும். அந்தக் காலத்தைக் கடந்துவந்த எஞ்சினில் சிலிண்டர்களும் பெயரிங்குகளும் தேய்ந்திருக்கக்கூடும் என்று எதிர்பார்த்தே தொடங்க வேண்டும். அவற்றை ஓட வைத்த மெக்கானிக்குகளின் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். அவர்கள் இல்லாவிட்டால் இன்று மீட்டெடுக்க நம்மிடம் வாகனமே இருந்திராது.

இரண்டாவது, நம் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புப் பாறைக்கூடாக வரும் அந்தத் தண்ணீரைப் பல ஆண்டு றேடியேற்றரில் ஊற்றியதால், கேத்திலின் உள்ளே படிவதுபோன்ற வெள்ளைப் படிவு எஞ்சினின் நீர்வழிகளை அடைத்திருக்கும். எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாவதற்கு முதலில் இதைச் சந்தேகியுங்கள். றேடியேற்றரைக் கழற்றித் தலைகீழாக்கி, தண்ணீரைப் பின்திசையில் செலுத்திக் கழுவுங்கள். எஞ்சின் பக்கவாட்டில் உள்ள வட்ட அடைப்புத் தகடுகளைத் தட்டியெடுத்தால் உள்ளே தேங்கிய சேற்றைக் கம்பியால் கிளறி வெளியேற்றலாம். அதன்பின் வடித்த நீரும் குளிர்த்தித் திரவமும் கலந்ததையே நிரப்ப வேண்டும்.

நெடுங்காலம் ஓடாத எஞ்சினை உடனே ஸ்ராட் செய்ய முயலாதீர்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி ஒயில் விட்டு, ஒருநாள் ஊறவிட்டுக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால் பழைய ஒயிலை வடித்து, 20டபிள்யூ-50 ஒயிலை 3.7 லீற்றர் அளவில் நிரப்புங்கள். கியர் பெட்டிக்கும் எஞ்சின் ஒயிலே; பின் அச்சுக்குத்தான் தடித்த கியர் ஒயில். முதலாம் கியர் வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது உறுமிக்கொண்டே விழுவது இந்தக் கியர் பெட்டியின் இயல்பு. அதற்கு ஒத்திசைப்பு வளையம் வைக்கப்படவேயில்லை. அதைக் குற்றமென்று எண்ணிக் கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். அதேபோல, எஞ்சினின் பின்முனையில் றப்பர் அடைப்பு கிடையாது, சுருள்வெட்டு மட்டுமே உண்டு. அதனால் நிறுத்திய இடத்தில் ஓரிரு சொட்டு ஒயில் இருப்பதும் இயல்பே.

பிளக் துளையில் அழுத்தமானியைப் பொருத்திச் செய்யும் அழுத்தச் சோதனையில் நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே முக்கியம். ஒன்று மட்டும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் சிறிது ஒயில் விட்டு மீண்டும் அளவுங்கள். எண் உயர்ந்தால் தேய்வு பிஸ்ரன் வளையங்களில், உயராவிட்டால் வால்வுகளில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்திருந்தால் அவற்றுக்கிடையே, சிலிண்டர்களை மேலிருந்து மூடும் எஞ்சின் தலையின் கஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். தலையைக் கழற்ற நேர்ந்தால் வெளியேற்று வால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கை வளையங்களைப் போடச் சொல்லுங்கள். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது; இலங்கையில் 2002-இல் அந்தப் பெற்றோல் நிறுத்தப்பட்டுவிட்டது. தலையைப் பூட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாகப் படிப்படியாக இறுக்கி, 40 இறாத்தல்-அடியில் நிறுத்துங்கள்.

வால்வு இடைவெளி, குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம். எட்டு வால்வுகளையும் முன்னிருந்து பின்னாக 1 முதல் 8 வரை எண்ணிக்கொண்டால், ஒன்பதின் கணக்கு ஒன்று உதவும்: 1-ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 8-ஐச் சரிசெய்யுங்கள், 3 திறந்தால் 6, 5 திறந்தால் 4, கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. பிளக் இடைவெளி 0.025 அங்குலம், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரின் தொடுமுனைக்கு 0.015 அங்குலம். தீப்பொறி வரிசை 1-3-4-2.

பெற்றோல் தாங்கி, குழாய்கள், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றர் மூன்றையும் சுத்தம் செய்யாமல் எஞ்சினை ஓட்டினால் தாங்கியின் கறள் முழுவதும் காபரேற்றருக்குள் வந்து சேரும். எஸ்யூ காபரேற்றரின் மேல்மூடித் தண்டை எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் பிஸ்ரனை விரலால் தூக்கி விடுங்கள். அது தடையின்றி விழுந்து ‘டக்’ என்று ஒலிக்க வேண்டும். இடையில் நின்றால் சுத்தம் போதவில்லை, அல்லது ஊசி நடுவில் நிற்கவில்லை. மின் பெற்றோல் பம்ப் பொனற்றுக்குள் சுவரில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது வேகமாக ‘டிக் டிக்’ என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது அல்லது பெற்றோல் கசிகிறது. உடனே சாவியை அணைத்துக் கசிவைத் தேடுங்கள். ஒலியே இல்லையென்றால் பம்பின் தொடுமுனைகள் கருகியிருக்கும். மென்மையான உப்புத்தாளால் தேய்த்தாலே பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

ஓடத் தொடங்கியதும் ஒயில் அழுத்தத்தை அளவுங்கள். சூடான எஞ்சினில், ஓட்ட வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தலும், நின்று உறுமும்போது 15-க்குக் குறையாமலும் இருந்தால் கீழ்ப்பகுதியைப் பிரிக்க வேண்டிய தேவை இல்லை.

மின்வயர்கள்

டைனமோ உள்ள இந்த வாகனங்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பழக்க தோஷத்தில் மாற்றிப் பூட்டிவிடாமல், பற்றரியின் அருகிலேயே அதை எழுதி ஒட்டிவையுங்கள். பின்னாளில் யாராவது எதிர்முனைக்கு மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், பூட்டுமுன் சோதிக்க வேண்டும்.

துணி சுற்றிய பழைய வயர்கள் நொறுங்கத் தொடங்கியிருந்தால் ஒட்டுப்போடாமல் முழுத் தொகுதியையும் மாற்றுவதே பாதுகாப்பு. நிறங்களைப் புரிந்துகொண்டால் வேலை கடினமில்லை: பழுப்பு எப்போதும் மின்னோட்டம் உள்ளது, வெள்ளை சாவி திறந்தபின் வருவது, பச்சை அதே மின்சாரம் பியூஸைக் கடந்தபின், சிவப்பு பக்க விளக்குகளுக்கு, நீலம் முன் விளக்குகளுக்கு, கறுப்பு உடல் இணைப்பு. விளக்கு மங்கலாக எரிந்தால் பத்தில் ஒன்பது தடவை குற்றம் கறுப்பு வயர் உடலில் பூட்டும் இடத்தில் உள்ள கறளே. தகட்டைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் றப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தகடும் பெயின்ற்றும்

முன் மட்காட்டுகளும் பொனற்றும் காருக்கும் பிக்கப்புக்கும் பொதுவானவை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் பழையன கிடைக்கலாம். கிடைக்காத தகடுகளைக் கையால் அடித்து உருவாக்கும் ரிங்கர் வேலைக்காரர்கள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள் என்பது பெரும் பேறு. 1990-களில் இங்கிலாந்தில் மொரிஸ் மைனர்களை மீட்டெடுத்தவர்களுக்காகவே இலங்கையில் பாகங்கள் செய்து அனுப்பப்பட்டன. கதவுகளையும் பொனற்றையும் பெயின்ற்றுக்கு முன் ஒருமுறை முழுதாகப் பூட்டி, இடைவெளிகளைச் சரிபார்த்த பின்னரே மீண்டும் கழற்றுங்கள். புட்டி, தட்டிச் சமப்படுத்திய தகட்டின் சிறு மேடுபள்ளத்தை நிரப்ப மட்டுமே. ஓட்டையை மூட அல்ல.

பெயின்ற் அடிக்கும் காலமும் முக்கியம். மாரியில் ஈரம் பெயின்ற்றுக்குள் சிக்கி வெண்படலம் தோன்றும். சோளகக் காற்றுக் காலத்தில் செம்மண் தூசி ஈரப் பெயின்ற்றில் ஒட்டும். மாசி முதல் சித்திரை நடுப்பகுதி வரை, காலை வேளையில் அடிப்பதே இங்கு உகந்தது. இரண்டு பகுதிகளைக் கலந்து அடிக்கும் நவீன பெயின்ற்றுகளின் ஆவி நுரையீரலுக்குக் கேடானது; துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. உரிய சுவாசக் கருவி இல்லாவிட்டால் இதை வேலை தெரிந்தவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். நிறத்தை மாற்றினால் அதையும் புத்தகத்தில் பதிய வேண்டும்.

பின்பெட்டியின் தரையில் காலங்காலமாகப் பாரம் ஏற்றியதால் விழுந்த தழும்புகளை நான் நிரப்பச் சொல்லமாட்டேன். கறளை நீக்கி, பிறைமரும் பெயின்ற்றும் அடித்தால் போதும். அந்த வாகனம் உழைத்து வாழ்ந்தது. அந்த அடையாளம் அதில் இருக்கட்டும்.

முதல் ஓட்டங்கள்

முதல் ஓட்டத்தை வீட்டுக்கு அருகே, ஆள் நடமாட்டம் குறைந்த ஒழுங்கையில், பாரம் எதுவும் ஏற்றாமல், தீயணைப்பான் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். திரும்பி வந்ததும் நான்கு சில்லுகளின் நடுப்பகுதியையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அடியில் படுத்து, புதிதாகப் பூட்டிய ஒவ்வொரு பிரேக் இணைப்பையும் வெள்ளைத் தாளால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏறக்குறைய 150 கிலோமீற்றர் ஓடியபின் சில்லு நட்டுகளையும், எஞ்சின் முழுதும் ஆறிய நிலையில் தலை நட்டுகளையும் மீண்டும் ரோர்க் ஸ்பனரால் சரிபார்த்து, அதன்பின் வால்வு இடைவெளியைத் திரும்ப அளவுங்கள், ஏனெனில் தலை இறுகும்போது அந்த இடைவெளி மாறிவிடும். எஞ்சினைப் பிரித்துப் பூட்டியிருந்தால் முதல் 500 கிலோமீற்றரில் ஒயிலை மாற்றி, வடித்த ஒயிலை வெயிலில் ஒரு தட்டில் ஊற்றிப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் நிறம் புதிய வளையங்கள் படிவதால் வருவது. மினுங்கும் செம்புத் துகள்கள் தென்பட்டால் பெயரிங்குகளைப் பார்க்காமல் வாகனத்தை மேலும் ஓட்டக் கூடாது.